புனேயில் ஒரு கருந்துளை

கருந்துளையைப் பார்க்கப் போகிறேன் என்று விடுப்புக் கடிதத்தில் எழுத முடியாது. 'ஆராய்ச்சி தொடர்பாக' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் கல்லூரி முதல்வர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மே மாசம் லீவுதானுங்களே, தாராளமாப் போய்ட்டு வாங்க. அப்படி பூனாவுல என்னங்க இருக்குது?"

"ஒரு மெஷின் இருக்குதுங்க சார்."

மிக்ஸி, கிரைண்டர் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் பெயர் கோமதி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஒன்பது வருடமாக, வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சிய நேரத்தில், சமையலறையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பயணமே விளங்காது.

கருந்துளைக்குள் விழுந்தது எதுவும் திரும்பாது, வெளிச்சம்கூட. ஆனால் அதன் விளிம்பிலிருந்து மிக மெல்லிய கசிவு ஒன்று வெளியே வந்தபடி இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. வானத்துக் கருந்துளையில் அதைப் பார்க்க வழியில்லை. அதனால் ஆய்வகத்தில் ஒரு மாதிரி செய்து பார்க்கிறார்கள். சில வகை அணுக்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் அவை ஒட்டுமொத்தமாக ஒரே திரவமாகி, உராய்வில்லாமல் ஓடும். அந்தத் திரவத்தை ஓர் இடத்திலிருந்து ஒலியைவிட வேகமாக ஓடவிட்டால், அந்த இடத்தைத் தாண்டிப் போன சத்தம் திரும்பி வர முடியாது. வெளிச்சத்துக்குப் பதில் சத்தம். அந்த விளிம்பிலும் கசிவு இருக்க வேண்டும்: சத்தம் ஜோடி ஜோடியாகப் பிறந்து, ஒன்று உள்ளே விழும், மற்றது வெளியே தப்பும். அந்த ஜோடிகள் படத்தில் எப்படித் தெரியும் என்பதுதான் என் கணக்கு. ஒரு மெல்லிய சாய்ந்த கோடாகத் தெரியும் என்று எழுதியிருந்தேன்.

புனேயில் அந்த மெஷினை வைத்திருப்பவர் பேராசிரியர் மாதவ். இரண்டு வருடமாக மின்னஞ்சலில் பழக்கம். ஏப்ரலில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படங்கள் எடுத்தாயிற்று, உங்கள் கோட்டைக் காணோம், நேரில் வந்தால் பேசலாம் என்று. மரியாதையான கடிதம்தான். ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் புனே ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயிலில் வேர்த்துக் கொட்டும்; இங்கே வேர்வையே இல்லை, அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி உதடு காய்ந்தது. ஆட்டோக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு இந்தி அரைகுறை. பேரம் பேசத் தெம்பில்லாமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அங்கேதான் அடி வாங்கினேன். பேருந்து எண்கள் எல்லாம் மராத்தி எழுத்தில். அவர்களுடைய நாலு நம் கண்ணுக்கு எட்டு மாதிரி இருக்கிறது, அவர்களுடைய ஒன்று ஒன்பது மாதிரி. நான் எட்டு என்று நம்பி ஏறியது நாலு.

ஔந்த் போக வேண்டியவள் முக்கால் மணி நேரம் கழித்து ஊரின் மறுகோடியில், விமானப்படைத் தளம் இருக்கிற லோஹேகாவில் இருந்தேன். தலைக்கு மேலே போர் விமானம் ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அசையாமல் வெண்டைக்காய் முனையை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டரிடம் போக வேண்டிய இடத்தைச் சொன்னதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். கணக்குப் போடுகிற வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் என்றேன்.

விருந்தினர் விடுதி வாசலில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூடிரைவர்.

"வாங்க மேடம். நான் பாலு. லேப் டெக்னீஷியன். ரொம்ப லேட் ஆயிடுச்சே, டிரெயின் லேட்டா?"

தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புனேயிலேயே கட்கி என்கிற பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கிற வேலூர்க் குடும்பமாம். பஸ் கதையைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

புதன்கிழமை மெஷினைப் பார்த்தேன். ஒன்பது வருடம் தாளில் மட்டும் பார்த்த ஒன்று எதிரே நிற்பதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு மேசை. அதன்மேல் நூற்றுக்கணக்கான கண்ணாடிகள், வில்லைகள், ஒயர்கள். நடுவே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிப் பெட்டி, கையளவுதான். அதற்குள்ளே ஒரு நூல் துண்டைப் போல அந்தத் திரவம் இருக்கிறது.

"நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது மேடம், திரையில் பாருங்கள்" என்றாள் அனகா ஆங்கிலத்தில். மாதவின் ஆராய்ச்சி மாணவி, சத்தாரா ஊர்க்காரி, ஆறாவது வருடம். ஒளியால் ஒரு படிக்கட்டு கட்டி, அதன் விளிம்பிலிருந்து திரவத்தை அருவி மாதிரி விழ வைக்கிறார்கள். விழுகிற பக்கத்தில் ஓட்டம் ஒலியை முந்திவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு படம். படம் எடுத்ததும் திரவம் கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. ஒரு படத்தில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஜோடிகள் தெரிய வேண்டும்.

அவள் சேர்த்த படத்தைக் காட்டினாள். என் கோடு இல்லை. அதற்குப் பதில் தடித்தடியாக வரிகள், பாயின் நெசவு மாதிரி.

மாதவ் கதவை மூடிவிட்டு உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், கோபமாகப் பேசத் தெரியாதவர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கள் கணக்கில் விளிம்பு மிகவும் சுத்தமாக இருக்கிறது கோமதி. நிஜம் அப்படி இல்லை போலிருக்கிறது. இந்த வரிகள் புதிதாக எதையோ சொல்கின்றன. அடுத்த வாரம் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களை அனுப்ப வேண்டும். நம் கட்டுரையிலிருந்து உங்கள் பகுதியை எடுத்துவிட்டு வெளியிடலாமா? உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் நேரில் கேட்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து, அமிருததுல்யா என்று பலகை போட்ட ஒரு டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். இஞ்சியும் ஏலமும் போட்டு, பாயசம் மாதிரி இனிப்பு. எங்கள் ஊரில் இதை டீ என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சாயங்காலம் முழுக்க அறையில் உட்கார்ந்து என் கணக்கைப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். தப்பு இருந்தால் கண்டுபிடித்துவிட வேண்டும், அவர்கள் சொல்லி நான் ஒத்துக்கொள்ளும் நிலை வரக் கூடாது என்று ஒரு வீம்பு. தப்பு கிடைக்கவில்லை. ஆனால் படமும் பொய் சொல்லாதே. எட்டு மணிக்கு விடுதி மெஸ்ஸில் வெல்லம் போட்ட பருப்பும் சப்பாத்தியும் தின்றபோது, நாளைக்கு 'எடுத்துவிடுங்கள்' என்று சொல்லிவிடலாம் என்று பாதி மனசாகியிருந்தேன்.

வியாழக்கிழமை காலை டிபனுக்குப் பாலு வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். "மூணு வேளையும் மெஸ்ல சாப்பிட்டா என் வொய்ஃப் என்னைத் திட்டுவா மேடம்." அவரே ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார். கட்கியில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நெருக்கமான வீடுகள். ஒரு வாசலில் கோலம், அடுத்த வாசலில் ரங்கோலி.

அவர் மனைவி வனஜா இட்லியும் வடைகறியும் செய்திருந்தார். "அக்கா, கூச்சப்படாம போட்டுக்கோங்க. இங்க சட்னிக்குத் தேங்கா ஏக்தம் மெஹங்கா, யானை விலை, ஆனா வடைகறில குறை வெக்க மாட்டேன்." நாலாவது இட்லியில் மின்விசிறி நின்றது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வனஜா ஒரு முறத்தை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தார்.

"கரண்ட் போயிடுச்சுங்களா?"

"வியாழக்கிழமை ஆச்சே அக்கா. ரிப்பேர் வேலைன்னு காலைல கட் பண்ணிடுவாங்க. மதியம்தான் வரும்."

"லேப்புலயுமா?"

"அங்கயும்தான்" என்றார் பாலு. "ஆனா லேசருக்கெல்லாம் ஜெனரேட்டர் இருக்கு மேடம். ஏசி மட்டும் ஓடாது. ரூம் சூடாயிடும், படம் கெட்டுப்போகும். பாவம் அந்தப் பொண்ணு, இருந்தாலும் விடாம சூடாகுற வரைக்கும் எடுத்துட்டே இருக்கும். அப்புறம் எல்லாம் கச்ரால."

"கச்ரான்னா?"

"குப்பைங்க."

இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமைப் படங்கள் எதுவும் அந்தக் கூட்டலில் இல்லை. அதாவது நான் பார்த்த படம் முழுக்க, கட்டிடத்தில் எல்லாமே ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எடுத்தது.

"பாலு, அந்தக் குப்பையை அழிச்சிருவாங்களா?"

"தெரியலையே மேடம். அனகாவைத்தான் கேக்கணும்."

கை கழுவினேனா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது இரண்டு முறை வேகமாகப் போங்க என்றேன். பாலு தலையைத் திருப்பி, "மேடம், முன்னாடி தண்ணி லாரி" என்றார்.

அனகா இருட்டு வராந்தாவில் படியில் உட்கார்ந்து பொஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நம் அவல் உப்புமாதான், மேலே எலுமிச்சை. நான் கேட்டதும் சங்கடப்பட்டாள். சார் அழிக்கச் சொன்னாராம். இவளுக்கு மனசு வரவில்லை. 'கச்ரா' என்றே பெயர் வைத்து ஒரு கோப்புறையில் போட்டுவைத்திருக்கிறாள். பதினொரு வியாழக்கிழமைகள்.

"பாதி தேறாது மேடம். அறை சூடானதும் எல்லாம் நகர்ந்துவிடும்."

"தேறுவதை மட்டும் எடுங்கள்."

மதியம் வரை இருவரும் படம் படமாகப் பொறுக்கினோம். கரண்ட் வந்தபோது கூட்டல் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அனகா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். தடித்த வரிகள் இல்லை. புகைமூட்டமான ஒரு பரப்பு, அதன் நடுவிலிருந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, சாய்வாக ஒரு கோடு.

"மேடம், இது..."

"தெரியுது" என்றேன் தமிழிலேயே.

மாதவ் வந்து நீண்ட நேரம் பார்த்தார். "படங்கள் மிகக் குறைவு. நாம் பார்க்க ஆசைப்படுவதைக் கண் பார்த்துவிடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். "வியாழக்கிழமை எது ஓடவில்லையோ, அதுதான் அந்த வரிகளைப் போடுகிறது என்றால், அதைக் காட்டுங்கள். அதை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுப்போம். ஞாயிறு வரை காத்திருக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வேட்டை. அறையின் ஏசியை நிறுத்தினோம், வரிகள் இருந்தன. விளக்குகள், லிஃப்ட், கீழ்த்தளத்து ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வரிகள் அசையவில்லை. பதினொரு மணிக்கு லிஃப்டில் யாரோ ஒரு அதிகாரியைச் சிக்கவைத்துவிட்டோம். பாலு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மதியம் மிசல் வந்தது. முளைகட்டிய பயறு, மிளகாய் எண்ணெய் மிதக்கிற குழம்பு, மேலே மிக்சர், தொட்டுச் சாப்பிடப் பாவ் ரொட்டி. காரம் உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அனகா பதறிப்போய் மோர் வாங்கி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி எவளையும் இனிக் காரத்தைப் பற்றிப் பெருமை பேச விடமாட்டேன்.

பாலு சாப்பிடவில்லை. சுவர் ஓரமாக நின்று, மேலே இருந்த ஒரு இரும்புப் பலகையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தார். படிக்கட்டு கட்டும் ஒளி அந்தப் பலகையில் இருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டுத்தான் பெட்டிக்குள் போகிறது.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி, மிக மெல்லிய ஒரு நடுக்கம்.

"மேசையில இடமில்லைன்னு போன வருஷம் இந்தப் பலகைய சுவத்துல அடிச்சது நான்தான். மேசைக்குக் கீழ காத்து மெத்தை இருக்கு, ஆட்டம் வராது. சுவத்துக்கு ஏது மெத்தை? சுவத்துக்குள்ள ஏசிக்குப் போற குளிர்தண்ணி பைப் ஓடுது. மொத்த பில்டிங்குக்கும் ஒரே பம்ப். வியாழக்கிழமை அந்த பம்ப் ஓடாது." முகம் வெளிறியிருந்தது. "கல்தி என்னுது மேடம், என் தப்பு. அந்தப் பொண்ணோட மூணு மாசம் போச்சு."

அனகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பலகையில் இருந்த எங்கள் விரல்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அருவியின் விளிம்பே நடுங்கிக்கொண்டிருந்தால் அது தானாகவே அலை எழுப்பும். அந்த அலைகள்தான் தடித்த வரிகள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பாலுவின் முழங்கையைப் பிடித்து உலுக்கி, "பாலு சித்தப்பா, நீங்கள் தொட்டுப் பார்த்திராவிட்டால் நான் பொய்யை எழுதிப் பட்டம் வாங்கியிருப்பேன்!" என்று மராத்தியில் கத்தினாள். பாலு எனக்கு அதைத் தமிழில் இரண்டு முறை சொன்னார்.

பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மேசையிலேயே ஒரு மூலையைக் காலிசெய்து, பட்டறையில் அலுமினியக் கட்டை ஒன்றை அறுத்துத் துளையிட்டு, இருட்டுவதற்குள் கண்ணாடியை இடம் மாற்றிவிட்டார். சனிக்கிழமை காலை முழுக்க அனகா ஒளியை நேர் செய்தாள். முடி அளவு தள்ளுவாள், திரையைப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. எலுமிச்சைச் சாறு வாங்கி வருவது, யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வது, இரண்டையும் சிறப்பாகச் செய்தேன். மதியம் மூன்று மணிக்கு முதல் படம். அதற்குப் பிறகு மெஷின் தானே எடுத்துக்கொண்டே போகும்; பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனசுதான் கெடும் என்று அனகா என்னை விரட்டிவிட்டாள். ஔந்தில் கடை கடையாகச் சுற்றி, என்ன வாங்கினேன் என்று தெரியாமலே இரண்டு பாக்கெட் பாகர்வடி, இந்த ஊர்க் காரச் சுருள், வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நான் போனபோது அனகாவும் பாலுவும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். பாலு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வரிகள் இல்லை; அது உறுதி. ஆனால் கோடும் இல்லை, வெறும் மூட்டம். பத்து மணிக்கும் அப்படியே. பதினொன்றரைக்கு நடுவில் ஒரு கறை. படங்கள் கூடக் கூட, விடியும்போது மலை முகடு தெரிகிற மாதிரி, கறை நீண்டது, மெலிந்தது, சாய்ந்தது. ஒரு மணிக்கு அது கோடு.

"மேடம், உங்கள் கணக்கை மேலே போடட்டுமா?" என்றாள் அனகா.

போன வருடம் பொள்ளாச்சியில் போட்டு முடித்த கணக்கு. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அனகா ஒரு பொத்தானை அழுத்தினாள். என் சிவப்புக் கோடு வந்து அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. சாய்வு, நீளம், முனையில் மங்குகிற விதம், எல்லாம்.

அனகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மாதவ் இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரைக்கு முன்னால் நின்றார். "படங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு குவியலாகப் பிரியுங்கள். தனித்தனியாகக் கூட்டுங்கள்" என்றார். பிரித்தோம். முதல் குவியலில் கோடு இருந்தது. இரண்டாவது குவியலிலும் இருந்தது. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"கோமதி, எதை எடுத்துவிடலாமா என்று கேட்டேனோ, அதுதான் இனி நம் கட்டுரையின் முதல் படம். அடுத்த வாரம் நான் பேசும்போது முதலில் உங்கள் பெயரைச் சொல்வேன்."

நான் பையிலிருந்த பாகர்வடிப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து அவரிடம் நீட்டினேன்.

பாலு என் பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், ஒண்ணு கேக்கட்டா? இருபது வருஷமா இந்த மெஷினுங்களுக்கு ஸ்க்ரூ முடுக்குறேன். இதுல என்ன தெரியுதுன்னு யாரும் எனக்குத் தமிழ்ல சொன்னதில்ல."

நானும் யாருக்கும் தமிழில் சொன்னதில்லை. திரையில் விரலை வைத்தேன். "இது விளிம்புங்க. இந்தப் பக்கம் போன சத்தம் திரும்பாது, அவ்வளவு வேகமான ஓட்டம். அந்த விளிம்புல ஒண்ணுமே நடக்காதுன்னு தோணும். ஆனா அங்க சத்தம் ஜோடியாப் பொறக்குது. ஒண்ணு உள்ள போயிருது, ஒண்ணு தப்பிச்சு நம்ம பக்கம் வருது. அது வரணும்னு கணக்கு சொல்லுச்சு. இந்தக் கோடுதான், வந்துருச்சுங்கறதுக்குச் சாட்சி."

"அப்ப ஜெயிச்சுட்டோமா?"

"ஜெயிச்சுட்டோம் பாலு."

அவர் கதவைத் திறந்துகொண்டு ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை வராந்தாவுக்குப் போனார். இரண்டு கையையும் தூக்கி, "ஆபண் ஜிங்கலோ!" என்று அந்தக் கட்டிடமே அதிரக் கத்தினார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தமாம். கீழே இருந்த காவலாளி தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துத் தடியோடு மேலே ஓடிவந்தார். "காய் ஜாலா? என்ன ஆச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டவரைப் பாலு கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடியும் கத்தினார்.

அந்தத் தடவை நானும் சேர்ந்து கத்தினேன்.